செயப்படுபொருள் குன்றிய வினை

டண்டீ நகரில், டே ஆறு கடலாகிற முனைக்கு மேலே
மூன்றாம் மாடியில் ஓர் அகராதி அலுவலகம்.
ஊனா கின்லாக்கின் மேசையில் இன்று
ஒரே ஒரு வினைச்சொல்:
அடோன்.

சான்றுச் சீட்டுகள் நாற்பத்தாறு.
பிரசங்கங்களிலிருந்து ஒன்பது.
கொலை செய்தவனின் தாய் சிறைக்கு எழுதிய கடிதத்திலிருந்து ஒன்று.
மிச்சமெல்லாம் விளையாட்டுப் பக்கம்.
முதல் பாதியில் பெனால்டியைக் கோட்டைவிட்டவன்
எழுபதாம் நிமிடத்தில் தலையால் முட்டி
அடோன் செய்தான்.
இந்த ஊரில் பாவங்கள்
பெரும்பாலும் சனிக்கிழமை மூன்று மணிக்கு நடக்கின்றன.
ஐந்து மணிக்குள் தீர்ந்தும் விடுகின்றன.

நாம் கழுவாய் என்போம்; அதில் தண்ணீர் இருக்கிறது.
இந்தச் சொல்லைப் பிழிந்தால்
ஒரு சொட்டும் வராது.
உள்ளே இருப்பது ஓர் எண்.
ஒன்று.
பிணங்கிய இருவர் ஒன்றில் வந்து நிற்பது,
அவ்வளவுதான் முதல் பொருள்.
இரண்டு சொற்களை யாரோ இடைவெளியில்லாமல் எழுதினார்கள்,
ஒட்டிக்கொண்டது.
பாவம், பலி, கண்ணீர் எல்லாம்
பிறகு ஏறிய பயணிகள்.

ஊனா இலக்கணக் குறிப்பு எழுதுகிறாள்:
செயப்படுபொருள் குன்றிய வினை.
குற்றத்தை அது நேராகத் தொடாது.
'ஃபார்' என்றொரு சின்னச் சொல்
நடுவில் நின்று கைபிடித்துக் கொடுக்க வேண்டும்.
நம் கணக்கில் சொன்னால்
வேற்றுமை இல்லாமல் இந்த வினை தீராது.

நாற்பத்தேழாவது சீட்டு
மதியம் வேறொரு பெட்டியில் கிடைத்தது.
அலோன். தனியாக என்ற சொல்லின் பெட்டி.
ரோனா ஸ்ட்ராகனின் கையெழுத்து.
'டி'க்குக் குறுக்குக் கோடு போட அவள் என்றும் மறப்பாள்.
கோடில்லாத 'டி' வெறும் 'எல்'.
ஆக, முப்பத்தொரு வருடம்
அடோன் அலோனுக்குள் கிடந்திருக்கிறது.
(தனியாக என்பதற்குள்ளும் அதே ஒன்றுதான்,
முழுக்க ஒன்று.)

சீட்டின் பின்புறம் பென்சிலில்
அந்த ஒன்றின் வரலாறு முழுவதும் இருந்தது.
முதல் பதிப்பில் ஊனாவின் பெயரில் வந்த பத்தி,
அரைப்புள்ளி முதற்கொண்டு.
"ரோனா தன்னுடையது என்கிறாளே, ஆதாரம் உண்டா?"
என்று குழு கேட்ட நாளில்
ஊனா ஜன்னல் வழியே ரயில் பாலத்தை எண்ணிக்கொண்டிருந்தாள்.
பன்னிரண்டு பெட்டிகள். இன்றும் நினைவிருக்கிறது.

ஆர்புரோத்துக்கு இருபது நிமிடம்.
கடல்மூட்டம் தண்டவாளம்வரை வந்து நின்றது.
ஸ்டேஷனிலேயே புகைபோட்ட மீனின் வாசம்.
வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியத்தில்
வினை இருந்தது, எழுவாய் இல்லை.

கதவைத் திறந்த ரோனா
சீட்டை வாங்கி விளக்குக்கு நேரே பிடித்தாள்.
"அச்சில் வருமா?"
"அடுத்த பதிப்பில்."
"எப்போது?"
"பதினோரு வருடம் ஆகும்."
"எனக்கு எழுபத்தெட்டு."
சிரித்தாளா, இருமினாளா,
ஊனாவுக்குத் தெரியவில்லை.

"உன் பென்சிலைக் கொடு."
கதவுநிலையில் சீட்டை வைத்து
ஒரு கோடு இழுத்தாள்.
அரை அங்குலம்கூட இல்லை, கொஞ்சம் சாய்வு.
"இனியாவது சரியான பெட்டியில் போடு."

உள்ளே போய்விட்டாள்.
வா என்று சொல்லவில்லை.
கதவைச் சாத்தவும் இல்லை.
பென்சிலைத் திருப்பித் தரவும் இல்லை.
மூட்டம் மெதுவாக நடைக்குள் நுழைந்துகொண்டிருந்தது,
ஊனாவுக்கு முன்பாகவே.